தச்சர் செய்தது எதுவும் வெளியே கிடக்கக் கூடாது

மழைகூடத் தங்களை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் பெய்ய வேண்டும் என்று ராஜாக்கள் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், வேங்கைநாடு என்று ஒரு நாடு இருந்தது. உட்கார்ந்து கேளுங்கள். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். ஆனால் இது ஒரு சாவு வீட்டுக் கதை.

அந்த நாட்டில் சடையத் தச்சர் என்று ஒருவர் இருந்தார். அவர் கை பட்டால் முருங்கை மரம்கூடக் கதவாகி நிற்கும் என்பார்கள். வேலை முடிந்ததும் மனிதர் எங்கும் நிற்க மாட்டார். வீட்டுக்கு ஓடுவார். வழியில் யாராவது பேச்சுக் கொடுத்தால், அவர்களும் கூடவே ஓடிக்கொண்டுதான் பேச வேண்டும். வீட்டில் மனைவி மங்காயி, மூன்று பிள்ளைகள். அவருடைய உலகம் அவ்வளவுதான்.

ஒரு வைகாசியில் காய்ச்சல் கண்டு தச்சர் போய்விட்டார். மங்காயி அழுத அழுகை சொல்லி மாளாது.

செய்தி அரண்மனைக்குப் போனது. ராஜா ரணவிசயருக்குத் தச்சர் செய்த கட்டிலில் படுத்தால்தான் தூக்கம் வரும். அதனால் அவருக்கும் துக்கம் தாங்கவில்லை. தச்சருக்கு ஒரு நினைவு மண்டபம் கட்டச் சொன்னார். கட்டி முடித்த கையோடு ஓர் ஆணையும் போட்டார்.

"சடையத் தச்சர் செய்தது எதுவும் வெளியே கிடக்கக் கூடாது. எல்லாம் மண்டபத்துக்கு வர வேண்டும். அவர் எப்படி வைத்திருந்தாரோ அப்படியே வைத்துக் காப்பாற்ற வேண்டும். தவறினால் தலை போகும், அது என் தலையானாலும் சரி."

கடைசி வரி ஒரு வேகத்தில் வந்துவிட்டது. அதற்குள் மந்திரி அதை மண்டபத்து வாசல் கல்லில் வெட்டிவிட்டார்.

முதலில் மந்திரிதான் தச்சர் வீட்டுக்கு வந்தார். கதவைத் தடவிப் பார்த்துக் கண்ணீர் விட்டார். பிறகு நிலையோடு பெயர்த்துக்கொண்டு போனார்.

அடுத்து சேனாபதி வந்தார். ஒரு மூச்சு அழுதார். தொட்டில், முக்காலி, உலக்கை, மோர் கடையும் மத்து எல்லாவற்றையும் யானைமேல் ஏற்றினார்.

மூன்றாவதாக ராஜாவே வந்தார். எடுக்க ஒன்றும் மிச்சமில்லை. அண்ணாந்து பார்த்தார். தச்சர் இழைத்த உத்தரம், தச்சர் இழைத்த கைமரம், தச்சர் வேய்ந்த கூரை. ராஜா விம்மி விம்மி அழுதார். இரண்டு வீரர்கள் தாங்கிப் பிடித்தார்கள். மற்றவர்கள் கூரையைப் பிரித்தார்கள்.

"மழைக்காலம் வருது சாமி, பிள்ளைங்கள வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?" என்று கேட்டாள் மங்காயி.

"கவலைப்படாதே அம்மா, உன் புருஷன் பெயர் நனையாது" என்றார் ராஜா.

அவர்கள் போன பிறகு மங்காயி நான்கு சுவருக்கு நடுவில் நின்று மேலே பார்த்தாள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. செத்தவருக்கு இரண்டு கூரை, இருக்கிறவர்களுக்கு ஒன்றுமில்லையா என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையை முந்திக்கொண்டு கோபம் வந்தது. முதல் தூறல் விழுந்த அன்று பிள்ளைகளுக்கு முகம் கழுவி, தலைவாரி, நேராக மண்டபத்துக்கு அழைத்துப் போனாள். கதவுக்கும் தொட்டிலுக்கும் நடுவில், அங்கே தூக்கி நிறுத்தியிருந்த தன் வீட்டுக் கூரைக்குக் கீழேயே மூன்று பேரையும் வரிசையாக உட்கார வைத்தாள்.

காவலர்கள் பதறி ராஜாவை அழைத்து வந்தார்கள்.

"அவர் செஞ்சது எதுவும் வெளிய கெடக்கக் கூடாதுன்னு கல்லுல வெட்டியிருக்கு சாமி. இந்த மூணும் அவர் செஞ்சதுதான். பாதி வேலை என்னுது, ஆனா பேரு அவருதுதானே. மழையில நனையுது, கொண்டாந்துட்டேன்" என்றாள் மங்காயி.

ராஜா மந்திரியைப் பார்த்தார். மந்திரி கல்லைப் பார்த்தார். கல்லில் மறுப்பதற்கு ஒன்றும் இல்லை. தச்சர் இவர்களை எப்படி வைத்திருந்தார் என்று ராஜா மெதுவாகக் கேட்டார்.

மங்காயி சொன்னாள். மூத்தவளுக்கு இழுக்காமல் வலிக்காமல் பின்னல் போட வேண்டும். அந்த வேலை மந்திரிக்குப் போனது. நடுவுள்ளவன் கேட்கிற கேள்விக்கெல்லாம் சலிக்காமல் பதில் சொல்ல வேண்டும். எறும்புக்கு முழங்கால் உண்டா, நேற்று எங்கே போனது என்று சேனாபதியை அவன் திணறடித்தான். கடைக்குட்டி சிட்டு, அப்பா யானையாகித் தன்னை முதுகில் சுமந்தால்தான் சோறு உண்பாள்.

தலை போகும் என்று சொன்னவர் யார்? ராஜாதானே. கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு நாலு காலில் மண்டபத்தைச் சுற்றினார். சிட்டு காதைப் பிடித்துத் திருப்பினாள். யானை பிளிறவில்லை என்று குறை சொன்னாள். ராஜா பிளிறினார்.

முதல் நாள் முழங்கால் தேய்ந்தது. இரண்டாம் நாள் இடுப்புப் பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள், சிட்டுவைச் சுமந்தபடியே ராஜா நின்றுவிட்டார்.

"நாளெல்லாம் மரம் இழைத்துவிட்டு வந்து, உன் புருஷன் இதையும் செய்தாரா அம்மா? ஒருநாளாவது முகம் சுளித்தது உண்டா?"

"இல்ல சாமி. மரவேலை சோத்துக்குச் செஞ்சது. இதுக்காகத்தான் அப்படி ஓடி வருவார்" என்றாள் மங்காயி. சொல்லும்போதே உடைந்து அழுதுவிட்டாள்.

ராஜா தரையில் இருந்தபடியே அழுதார். இந்த முறை தாங்கிப் பிடிக்க யாரையும் கூப்பிடவில்லை.

அன்றைக்கே கூரை திரும்பிப் போனது. கதவு போனது. மத்து வரைக்கும் போனது. பெருமழை பிடிப்பதற்குள் மந்திரியும் சேனாபதியும் ஏணியில் ஏறி நின்று கூரை வேய்ந்து கொடுத்தார்கள். அந்த வீட்டுக்கு வேண்டிய நெல் இனி அரண்மனையிலிருந்து வரும் என்று ராஜா சொன்னார். எல்லாம் சரி, சிட்டு மட்டும் யானையைத் திருப்பித் தர முடியாது என்று சொல்லிவிட்டாள். அதனால் வெள்ளிக்கிழமை தோறும் வேங்கைநாட்டு ராஜா தச்சர் வீட்டு வாசலில் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு உள்ளே போவார்.

கேட்டவர்கள் இதை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள்: மறைந்த மனிதரை மதிப்பது என்பது அவர் தாங்கிய குடும்பத்தைத் தாங்குவதுதான்.