துலக்கிய குழல்

"மாஸ்டர், பிஸ்டலை எத்தனை நாளைக்கு ஒருக்கா சுத்தம் பண்ணோணும்?"

கேட்டவர் நாமக்கல்லில் பல் டாக்டர். பெயர் செங்கோட்டுவேலன், வயது நாற்பத்தெட்டு. பதில் சொல்ல வேண்டியவர் அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். பெயர் ஆரிஃபா. ஒரு காலத்தில் தேசியப் போட்டிகளில் பதக்கம் வாங்கியவர், இப்போது சேலத்துக்கு வெளியே மலையடிவாரத்துச் சுடுதளத்தில் பிஸ்டல் சுடக் கற்றுக்கொடுக்கிறார். அங்கே சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் மாஸ்டர்தான்.

மாஸ்டருக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. கன்னத்துக்குள் ஒரு கிராம்பை ஒதுக்கி வைத்திருந்தார்.

"உங்க வீட்டுல தோசைக்கல்லை யாரு கழுவறது?"

"வீட்டுக்காரிதானுங்க."

"நீங்க கழுவினதே இல்லையா?"

"ஒரே ஒரு தடவை. கம்பி நார் போட்டுப் பளபளன்னு தேச்சு வெச்சேன். அன்னையிலிருந்து பூங்கொடி என்னைச் சமையல்கட்டுப் பக்கமே விடறதில்லை."

"அப்புறம் என்ன, தெரிஞ்சுதானே இருக்கு," என்று சொல்லிவிட்டு மாஸ்டர் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

டாக்டருக்குச் சுருக்கென்றது. மெனக்கெட்டு ஒன்று கேட்டால், தோசைக்கல்லாம் தோசைக்கல்!

மனுஷன் சுத்தத்துக்குப் பேர்போனவர். அவர் கிளினிக்கில் இடுக்கியும் ஊசியும் ஆவியில் வெந்து, உறைக்குள் போய், அப்புறம்தான் மேஜைக்கு வரும். அதில் குற்றம் சொல்ல முடியாது, வாய்க்குள் போகிற சாமான். ஆனால் ஆசை ஆசையாக வாங்கிய போட்டிப் பிஸ்டலையும் அவர் ஒரு பல் இடுக்கியாகவே நினைத்துவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் கடைசி நோயாளி போனதும் பெட்டியைத் திறப்பார். பிஸ்டலின் குழலுக்குள் அழுக்குக் கரைக்கிற மருந்து விடுவார். பிரஷ் விடுவார். வெள்ளைத் துணித் துண்டை உள்ளே விட்டு இழுப்பார். கறுப்பாக வந்தால் இன்னொரு துண்டு. சலவைக்குப் போய் வந்த மாதிரி வெளுப்பாக வரும்வரை விடமாட்டார். கடைசியாக இரண்டு சொட்டு எண்ணெய். அப்புறம்தான் தூக்கம் வரும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுடுதளம். முதல் குண்டு குறி அட்டையில் எட்டாம் வட்டத்தில் விழும். அடுத்தது ஏழு. சில நாள் ஆறு. மத்தியானத்துக்குள் ஒவ்வொன்றாக நகர்ந்து நடுவிலிருக்கும் பத்துக்குப் பக்கம் வந்துவிடும். அடுத்த ஞாயிறு மறுபடி அதே கதை.

வேறொருவர் என்றால் துப்பாக்கியைச் சந்தேகப்பட்டிருப்பார். டாக்டர் தன் கையைச் சந்தேகப்பட்டார்.

காரணம் இருந்தது. அவருடைய அப்பா லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை வைத்திருந்தவர். ஏறக்குறைய இதே வயதில்தான் அவர் கையில் நடுக்கம் கண்டது. காலையில் ரொம்ப மோசம், காபி டம்ளர் கையில் நிற்காது. வெயில் ஏற ஏறக் கொஞ்சம் அடங்கும். சில வருஷத்தில் சுத்தியலைத் தொடவே முடியாமல் போய்விட்டது.

காலையில் மோசம், போகப் போகத் தேவலை. இதை நினைக்கும்போதெல்லாம் டாக்டர் கையை நீட்டி வைத்துப் பார்ப்பார். பார்க்கப் பார்க்க நடுங்குவது போலவே இருக்கும்.

பல் பிடுங்குகிறவனுக்குக் கை போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

பல் பிடுங்குகிற வேலையை எல்லாம் ஜூனியரிடம் தள்ளிவிட்டார். கேட்டவர்களுக்கு இடுப்பு வலி என்று ஒரு சாக்கு. பூங்கொடியிடம் மூச்சுவிடவில்லை. பெரிய டாக்டர் யாரிடமாவது காட்டலாம் என்றால் அதற்கும் பயம். காட்டினால் வியாதிக்குப் பெயர் சொல்லிவிடுவார்களே!

ஒருவேளை துப்பாக்கியில்தான் அழுக்கு சேர்ந்திருக்குமோ என்று ஒரு நப்பாசை. அதனால் வந்த கேள்விதான் அது. தோசைக்கல் பதில் மண்டையில் ஏறாததால் அவரே ஒரு முடிவுக்கு வந்தார். அந்தச் சனிக்கிழமை இன்னும் நன்றாகத் துடைத்தார்.

மறுநாள் காலை பெட்டியைச் சுடுதள மேஜைமேல் வைத்தார். திறக்கத் தைரியம் வரவில்லை. இன்றைக்கும் முதல் குண்டு வழிதவறினால் அப்புறம் சந்தேகத்துக்கே இடமில்லை, அப்பாவுடைய கைதான்.

மற்றவர்கள் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் பெட்டிமேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

மாஸ்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன டாக்டர், பெட்டிக்குக் காவலா?"

"நான் நிறுத்திக்கலாம்னு இருக்கறனுங்க."

"எதை?"

"இதை." பெட்டியைத் தட்டிக் காட்டினார். "எல்லாத்தையும்."

மாஸ்டர் நாக்கால் கிராம்பைத் தள்ளிச் சரி செய்துகொண்டார்.

"போன மாசம் உங்ககிட்ட இந்தப் பல்லைக் காட்டினேன். பிடுங்கணும்னு சொன்னீங்க. பிடுங்குங்கன்னு வாயைத் திறந்தேன். ஜூனியர் வந்து பிடுங்குவார்னீங்க. எந்திரிச்சு வந்துட்டேன். அன்னையிலிருந்து கிராம்பும் நானும்தான். ஒரு பல் டாக்டர் பல்லைக் கண்டு ஏன் பயப்படறார்னு அப்பவே கேட்டிருக்கணும். இப்ப கேக்கறேன். என்ன விஷயம்?"

"கை நடுங்குதுங்க மாஸ்டர். எங்கப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துருச்சு."

இத்தனை நாள் நெஞ்சில் கிடந்தது அவ்வளவுதான், இரண்டு வாக்கியம். சொல்லி முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது.

ஆறுதலாக ஒரு வார்த்தை வரும் என்று பார்த்தால், "பெட்டியைத் திறங்க," என்றார் மாஸ்டர்.

திறந்தார்.

மாஸ்டர் பிஸ்டலை எடுத்து, திறந்து, காலியாக இருக்கிறதா என்று பார்த்தார். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிக் குழலுக்குள் கண்ணை ஓட்டினார்.

"அடேயப்பா! இதைப் பார்த்துத் தலை சீவிக்கலாம் போல இருக்கே."

"நேத்து சாயங்காலம் துடைச்சதுங்க. முக்கால் மணி நேரம்."

மாஸ்டர் ஐந்து தோட்டா போட்டார். கையை நீட்டினார். டாக்டர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் அடித்த ஆணி மாதிரி நின்றது.

ஐந்தும் வெடித்தன. எல்லாரும் துப்பாக்கியைத் திறந்து கீழே வைத்த பிறகு இருவரும் அட்டைவரை நடந்தார்கள்.

எட்டு. ஏழு. ஒன்பது. எட்டு. ஏழு.

டாக்டர் அட்டையைப் பார்த்தார். மாஸ்டரைப் பார்த்தார். மறுபடியும் அட்டையைப் பார்த்தார்.

"மாஸ்டர்," என்றார். "உங்களுக்குமா?"

மாஸ்டர் புது அட்டை மாட்டினார். திரும்பி வந்து இன்னும் ஐந்து சுட்டார். இன்னொரு அட்டை, இன்னும் ஐந்து. டாக்டரும் கூடவே போய்க் கூடவே வந்தார். ஒவ்வொரு தடவையும் குண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்தன. கடைசி அட்டையில், பொழுது சாய்ந்ததும் கூட்டுக்குத் திரும்பின கோழிகள் மாதிரி ஐந்தும் நடு வட்டத்துக்குள் அடைந்திருந்தன.

காலையில் மோசம், போகப் போகத் தேவலை.

டாக்டர் மூன்று அட்டைகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தார்.

மாஸ்டர் தன்னுடைய பிஸ்டலைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். முனையெல்லாம் கரி. கரண்டி போட்டுச் சுரண்டலாம் போல இருந்தது. டாக்டர் அதை இரண்டு விரலால் தொட்டார், குப்பைத்தொட்டியில் கிடந்ததை எடுக்கிறவர் போல.

"இதை எப்பத் துடைச்சீங்க?"

"ஞாபகமில்லை."

"ஐயய்யோ."

"சுடுங்க."

சுட்டார். கை லேசாக ஆடியது. அது எல்லார் கையும் ஆடுகிற ஆட்டம்தான், ஆனால் அவருக்கு அது தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்தையும் சுட்டு முடித்தார். மாஸ்டரோடு அட்டைவரை நடந்தார்.

பத்து. பத்து. ஒன்பது. பத்து. பத்து.

"இது..." டாக்டர் அட்டையை விரலால் தடவினார். "இதை நானா சுட்டேன்?"

"பக்கத்துல நின்னதுதான் நான்."

"காலையிலயே? எடுத்த எடுப்பிலயே?"

"டாக்டர், நீங்க தேச்ச தோசைக்கல்லுல முதல் தோசை எப்படி வந்துச்சு?"

"பிஞ்சு பிஞ்சு வந்துச்சுங்க."

"ரெண்டாவது?"

"அதுவும் பிஞ்சுதான். ஆறேழு தோசை வீணாப் போச்சு. அப்புறம் எண்ணெய் ஏறி..."

டாக்டர் தன் பெட்டி இருந்த மேஜையைத் திரும்பிப் பார்த்தார்.

"தோட்டாத் தலையில மெழுகு பூசியிருக்கும்," என்றார் மாஸ்டர். "சுடச் சுட அது குழலுக்குள்ள ஏறும். ஏறினப்புறம்தான் குழல் ஒரே மாதிரி சுடும். நீங்க..."

"வாராவாரம் நான் அதைத் தேச்சு எடுத்திருக்கேன்."

"அப்பழுக்கில்லாம."

டாக்டர் அங்கேயே, அட்டைகளுக்கு முன்னால், மண்ணில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளை பேன்ட். அழுக்காகும் என்கிற நினைப்பே இல்லை. முதலில் சிரித்தார். அப்புறம் அழுதார். அப்புறம் இரண்டும் சேர்ந்து வந்தது. தலையில் ஏற்றியிருந்த மூட்டையை யாரோ ஒரு கைகொடுத்து இறக்கி வைத்த மாதிரி இருந்தது அவருக்கு. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய கைதான். அப்பாவுடையது அல்ல.

பின்னால் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வரிசையில் நின்றவர்கள், இவர்கள் எப்போது நகர்வார்கள் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் பொறுங்கள் என்று அவர்களுக்குக் கையைக் காட்டினார்.

டாக்டர் எழுந்து திரும்பி நடந்தார். மேஜைக்கு வந்ததும் போனை எடுத்தார்.

"பூங்கொடி, அந்தத் தோசைக்கல்லு விஷயத்துல நீ சொன்னதுதான் சரி."

"பதினோரு வருசம் கழிச்சா?" என்றது அந்தப் பக்கக் குரல். "எங்கீங்க இருக்கறீங்க? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லை," என்றார் டாக்டர். "ஒண்ணுமே இல்லை, பூங்கொடி." அதைச் சொல்வதே அவருக்கு இனித்தது. இன்னொரு தடவையும் சொன்னார்.

போனை வைத்ததும் பழைய கேள்வி ஞாபகம் வந்தது.

"இருந்தாலும் மாஸ்டர், துடைக்காமயே இருந்துர முடியுமா? எப்பத்தான் துடைக்கறது?"

"உங்ககிட்ட ஆளுங்க எப்ப வர்றாங்க?"

"வலிச்சா வருவாங்க."

"இதுவும் அப்படித்தான். தோட்டா உள்ள இறங்க அடம்பிடிக்கும். நல்லாச் சுட்டுட்டிருந்தது சிதற ஆரம்பிக்கும். அதுவா சொல்லும்."

டாக்டர் தலையாட்டினார். பெட்டியைத் திறந்து, வெள்ளைத் துணித் துண்டு ஒன்றை எடுத்தார். பழக்கதோஷம். மாஸ்டர் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் அதில் மூக்கைச் சிந்திக் குப்பைத்தொட்டியில் போட்டார்.

"கிளினிக் காலையில எத்தனை மணிக்குத் திறப்பீங்க?"

"ஒன்பதுக்குங்க. ஜூனியர்..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்தினார்.

"நாளைக்கு முதல் ஆள் நான்," என்றார் மாஸ்டர்.

"காலையிலயேவா மாஸ்டர்?"

"காலையிலதான்."

டாக்டர் தன் வலது கையைப் பார்த்தார். மாஸ்டரின் வீங்கிய கன்னத்தைப் பார்த்தார்.

"வாங்க," என்றார். "பிடுங்கிறலாம்."

மாஸ்டர் கிராம்பைத் துப்பினார்.