எடுத்து வச்ச பால் ஏடு

கயலு, நாக்கை அங்கேயிருந்து எடுடி. காலையில விழுந்த பல்லு. இன்னும் அந்த ஓட்டையையே தடவிக்கிட்டு இருக்கியே? மத்த பல்லெல்லாம் கோவிச்சுக்காதா? சரி, தலையணையில சாய். அத்தை ஒண்ணு சொல்றேன், நீ 'ம்' கொட்டணும்.

ஒரு ஊர்ல ஒரு அம்மா. பேரு நல்லம்மா. அவளுக்கு ரெண்டு பொண்ணு. மூத்தவ வடிவு, சின்னவ செம்பா. வடிவை மலைக்கு அந்தப் பக்கம், ரொம்ப தூரத்துல கட்டிக்கொடுத்தாச்சு. வீட்ல அம்மாவும் செம்பாவும் ஒரு பூனையும்தான்.

ம்?

பால் காய்ச்சுனா மேல தடியா ஏடு படியும்ல? வடிவுக்கு அதுன்னா உசுரு. அதனால நல்லம்மா தினம் ஏட்டை வழிச்சு ஒரு கிண்ணத்துல எடுத்து வைப்பா. "வடிவு வந்தா திம்பா." வடிவு எங்க வர்றா? கெட்டுப் போகுமேன்னு மறுநாள் பூனைக்கு வச்சிடுவா. பூனை குண்டாகி, கதவுச் சந்துல மாட்டிக்கிட்டு 'மியாவ் மியாவ்'னு கத்துச்சு! செம்பாவுக்கு மட்டும் ஒரு துளி கிடைக்கல. வயிறு எரிஞ்சுது அவளுக்கு. அக்கா மேல எரிச்சல், பூனை மேல அதை விட எரிச்சல்.

அப்புறம் செம்பா, 'நல்ல பொண்ணா இருந்தா எனக்குத் தருவா'ன்னு நெனச்சா. இடுப்புல ஒரு குடம், தலையில ஒரு குடம், சளக் சளக்னு தண்ணி கொண்டு வந்தா. "அம்மா, இங்க பாரேன்!"

அம்மா பாத்தா. "வடிவா இருந்தா ஒரு சொட்டு சிந்த மாட்டா"ன்னு பெருமூச்சு விட்டா. வடிவு உடைச்ச குடத்தோட ஓடு இன்னும் கொல்லையில கிடக்குதுடி! அது அம்மா கண்ணுக்குத் தெரியல.

அப்புறம் செம்பா, 'அக்கா மாதிரியே இருந்துட்டா?'ன்னு அக்காவோட பழைய பச்சைப் பாவாடையைக் கட்டிக்கிட்டா. வாசல்ல நின்னு அக்கா குரல்ல, "அம்மாவ்!"னா. நல்லம்மா அடுப்பை விட்டுட்டு ஓடி வந்தா. முகமெல்லாம் வெளிச்சம். செம்பா தன் பொறப்புல அப்படி ஒரு முகத்தைப் பாத்ததில்ல. அப்போ கிட்ட வந்து பாத்தா அம்மா.

"ஓ... நீயா"ன்னுட்டு உள்ள போயிட்டா.

ம் சொல்லு. ஆமா, பாவந்தான்.

அப்போ செம்பாவுக்கு வந்துச்சு பாரு ஒரு ஆத்திரம். 'இல்லாதவளுக்குத்தான் ஏடா? நானும் இல்லாம போறேன்!'னு உரல் மேல ஏறி, நெல் கொட்டி வைக்கிற பெரிய குதிருக்குள்ள 'தொப்'புனு குதிச்சுட்டா. நெல் தீர்ந்த வெறும் குதிர். அடியில நெல் தள்ளுற ஓட்டை ஒண்ணு. அதுல ஒரு கண்ணை வச்சுக்கிட்டா.

"செம்பா! ஏ செம்பா!" அம்மா கூப்பிட்டா. கிணத்தடிக்கு ஓடுனா, தோப்புக்கு ஓடுனா. திரும்பி வந்து தலையில கை வச்சு உக்காந்துட்டா. "எம் பொண்ணு தங்கமாச்சே! எண்ணெய் தேச்சா ஒரு சத்தம் போட மாட்டாளே!" செம்பாவுக்கு எண்ணெய் தேச்சா, அவ கத்துற கத்துல தெருவே கூடிடும். ஆனா உள்ள இருந்தவளுக்கு இனிச்சுது. அப்புறம் அம்மா எழுந்து ஏட்டை வழிச்சா. கண்ணைத் தொடைச்சுக்கிட்டே, "செம்பா வந்தா திம்பா"ன்னு எடுத்து வச்சா.

எப்படி இருக்கும் செம்பாவுக்கு! கத்தாம இருக்க வாயைப் பொத்திக்கிட்டா.

அப்போ பாத்து வாசல்ல ஜல் ஜல்னு ஒரு வண்டி. யாரு? வடிவு! நெசமான வடிவு! "அம்மாவ்!"

செத்தேன்னு நெனச்சா செம்பா. இனிமே ஏடும் போச்சு, அம்மாவும் போச்சு.

நல்லம்மா ஓடி வந்தா. வடிவைப் பாத்தா. முகம் அப்படியே வாடிப்போச்சு.

"ஓ... நீயா. வர்ற வழியில செம்பாவைப் பாத்தியா?"

வடிவு மூட்டையைக் கீழ போட்டா. "ஏம்மா, அங்க நான் தினம் அழுதேன். செம்பா உன் மடியில படுத்திருப்பாளேன்னு வயிறு எரிஞ்சு எரிஞ்சு வந்திருக்கேன். வந்த வாசல்லயும் செம்பாவா?"

குதிருக்குள்ள செம்பாவுக்குச் சிரிப்பா அழுகையான்னு தெரியல. நெல் தூசி வேற. 'ஹ... ஹ... ஹச்சூ!'

அப்புறம் என்ன, அம்மா உரல் மேல ஏறி இழுத்தா. முதுகுல பளார்னு ஒண்ணு வச்சா, அப்புறம் கட்டிக்கிட்டா. இந்தப் பக்கம் வடிவு, அந்தப் பக்கம் செம்பா, நடுவுல ஏட்டுக் கிண்ணம். "விரலை எடுடி, எனக்கு எடுத்து வச்சது!" "போக்கா, உனக்கு எடுத்து வச்சதையெல்லாம் பூனை தின்னாச்சு!" கிண்ணம் பளபளன்னு ஆயிடுச்சு.

நல்லம்மா ரெண்டு பேரையும் பாத்தா. ஒரு நிமிஷம் பாத்திருப்பா. அப்புறம் வாசலைப் பாத்தா, அடுப்பைப் பாத்தா.

"அய்யோ, எம் பூனையைக் காணோமே!"

அக்காவும் தங்கச்சியும் ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பாத்தாங்க.

பூனை எங்கன்னா கேக்குற? அதோட ஏட்டை ரெண்டு பேர் தின்னா அதுக்கு எரியாதா? அதுவும் உரல் மேல ஏறி குதிருக்குள்ள 'தொப்'பு. செம்பா உக்காந்த சூட்டுல சுருண்டு, குர்ர்ர்...

கயலு? மறுபடியும் நாக்கு அங்கதானா? சரி, இருக்கட்டும் விடு. பூனையும் படுத்தாச்சு, கதையும் படுத்தாச்சு, நீயும் கண்ணை மூடு.