கடமானுக்கு ஊற்றிய உறை

மருதங்காட்டு மன்னர் விசயகண்டருக்கு யாரோ ஒரு கடமானைப் பிடித்து வந்து கொடுத்தார்கள். ராஜவைத்தியர் ஏகாம்பரம் விடுவாரா? "அரண்மனை மான் புல் தின்றால் கௌரவம் என்னாவது மகாராஜா?" என்று ஓதினார். உடனே உத்தரவு பறந்தது: மூன்று வேளையும் சர்க்கரைப் பொங்கல்!

நாலாம் நாள் மான் படுத்துவிட்டது. வயிறு மத்தளம். அசைபோடுவதும் நின்றுபோயிற்று.

"பொழுது சாய்வதற்குள் மான் எழவில்லை என்றால் மான்காரி தலை இருக்காது!" என்றார் மன்னர்.

மானைப் பார்த்துக்கொள்ளும் வேலாத்தாளுக்கு இடுப்பில் ஆறு மாதக் குழந்தை. "புல்லுதான் போடணும்னு அன்னைக்கே சொன்னேனுங்களே சாமி!" குழந்தையை அவள் இறுக்கிய இறுக்கில் அது வீறிட்டது.

விகடகவி பிச்சாண்டி மானின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டான்.

"மகாராஜா, மான் வயிறு நாலு அறை வீடு. முதல் அறையில் ஒரு பானை. புல்லை அதில் ஊறப்போட்டு, புளிக்கவைத்து, திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து மெல்லும். பொங்கலைக் கொட்டிப் பானையைக் கெடுத்துவிட்டோம்."

"என் மானுக்குள் பானையா? யாரைக் கேட்டு வைத்தார்கள்?"

"பிறந்தபோதே இருந்திருக்கிறது. இனி புது உறை ஊற்றினால்தான் உண்டு. வேலாத்தாள் வீட்டில் கிடைக்கும்."

"கொண்டு வா!"

வந்தது ஒரு கிழட்டு வெள்ளாடு. கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டே வந்தது. பிச்சாண்டி அதன் வாய்க்குள் விரலை விட்டான். பச்சை உருண்டையை வழித்தான். மானின் தொண்டைக்குள் தள்ளிவிட்டான்!

"எச்சில்! ராஜ மானுக்கு ஆட்டு எச்சில்!" ஏகாம்பரம் அலறினார்.

"பொழுது சாயட்டும், இரண்டு தலை!" என்று உறுமினார் மன்னர். "சாப்பாட்டை இங்கேயே கொண்டு வாருங்கள்."

மன்னர் தயிர்ச்சோற்றுக்கு வந்த நேரம்.

"ஏஏஏவ்!"

மான் ஏப்பம் விட்டது. சபை முழுக்கப் புளித்த வாடை. ராஜ சன்னிதியில் ஏப்பமா! மானோ எழுந்து நின்று தாடையை அசைத்தது.

அதட்டுவதற்காக மன்னர் வாயைத் திறந்தார்.

"ஏஏஏவ்!"

குழந்தை மட்டும் சிரித்தது.

"என்னடா இது பிச்சாண்டி?"

"போன மாதம் பூனை நம் தயிர்ப்பானையை உருட்டியதே, அன்றைக்கு மடைப்பள்ளிக்கு உறைமோர் கொடுத்தது இவள்தான் மகாராஜா. இரண்டு பானைக்கும் ஒரே வீட்டு உறை. ஏப்பம் மட்டும் வேறாகவா இருக்கும்?"

மன்னர் கையிலிருந்த கடைசிக் கவளத்தைப் பார்த்தார். வாயில் போட்டுக்கொண்டார். பிறகு பிடித்தது பாருங்கள் சிரிப்பு, கிரீடம் நழுவிவிட்டது!

வேலாத்தாளுக்கு ஒரு கறவைப் பசு. மானுக்குப் புல். மிஞ்சிய பொங்கல் அத்தனையும் ஏகாம்பரத்துக்கு.

மூன்று வேளையும்!