ஐந்தாவது ஆட்டம்

“ஊர்வல வண்டியில நான் ஏறலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்க குருவே,” என்றான் ஹிரோசே.

குரு ஷுன்கோ அவன் மூச்சு வாங்கி முடிக்கட்டும் என்று கோயில் வாசலில் நின்றார். மொட்டைத் தலையும் சாம்பல் நிற அங்கியுமாக இருந்த அந்தப் பெண் துறவி அவனைவிட வயதில் சிறியவர்.

ஹிரோசே கீழே துறைமுக ஊரின் பேஸ்பால் அணியில் பந்து வீசுகிறவன். அணி கோப்பையை ஜெயித்திருந்தது. ஊரே வெற்றி ஊர்வலத்துக்குக் கொடி கட்டிக்கொண்டிருக்க, இவன் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு மலையேறி வந்திருந்தான்.

“ஏன் ஏறக் கூடாது?”

“நான் ஒரு பந்துகூட வீசலையே.”

இறுதித் தொடரில் ஏழு ஆட்டம். நாலு ஜெயித்தால் கோப்பை. ஆட்டத்துக்கு ஒரு வீச்சாளர் என்று முறை வைத்திருந்தார்கள். ஹிரோசேயின் முறை ஐந்தாவது ஆட்டம்.

அணி முதல் நாலையும் வரிசையாக ஜெயித்துவிட்டது.

“என் தோள் போயிடுச்சு. இந்த வருஷத்தோட ஓய்வுன்னு எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. அந்த ஒரு ஆட்டத்துக்காகத்தான் வருஷம் பூரா வலியைப் பொறுத்துக்கிட்டேன். அந்த ஆட்டமே இல்லாம போச்சு.”

“சரி. ஆனா இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் ஏறி வந்தே?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“நாலாவது ஆட்டத்துல கடைசிப் பந்து. எதிரணிக்காரன் ஓங்கி அடிச்சான். பந்து மேலே போச்சு. கீழே எங்க ஆள் நிக்கிறான். பிடிச்சா கோப்பை.”

“ம்.”

“நான் ஓரத்துல உட்கார்ந்து, ‘விட்டுடு, விட்டுடு’ன்னு வேண்டிக்கிட்டேன்.”

“விட்டானா?”

“பிடிச்சுட்டான். ஓடி வந்து முதல்ல என்னைத்தான் கட்டிக்கிட்டான். நானும் கூடக் குதிச்சேன். சொந்த வீட்டுக்கே கொள்ளி வைக்க நினைச்சவன் நான்.”

அவமானத்தில் அவன் காது சிவந்திருந்தது.

குரு வாசல் ஓரத்தைக் காட்டினார். அங்கே நாலு வாளிகளில் தண்ணீர் நிரம்பியிருந்தது.

“அதுல ஒரு வாளியை எடு. கொட்டிட்டு வேற தண்ணி பிடி.”

“எதுக்கு?”

“மரத்தால கட்டின கோயில். தீப்பிடிச்சா அணைக்கணும் இல்லையா? தண்ணி தேங்கினா புழு வைக்கும். தினமும் மாத்தணும்.”

அவன் தோளுக்கு நோகாமல் இடது கையால் வாளியைத் தூக்கினான். செடிக்கு ஊற்றினான். குழாயடியில் வைத்தான்.

“எப்பவாவது தீப்பிடிச்சிருக்கா?”

“நான் வந்ததிலிருந்து இல்லை. ஒரு தடவை புகை மட்டும் வந்தது.”

“அப்படியா?”

“நான் இங்க வந்த புதுசு. தினமும் தண்ணி மாத்துறதுதான் என் வேலை. சமையல்கட்டுப் பக்கம் புகை. ரெண்டு கையிலயும் வாளியைத் தூக்கிக்கிட்டு ஓடினேன். அவ்வளவு சந்தோஷமா நான் அதுக்கு முன்னாடி ஓடினதே இல்லை.”

ஹிரோசே திரும்பிப் பார்த்தான்.

“சோறு அடிப்பிடிச்சிருந்தது. வேற ஒண்ணும் இல்லை,” என்றார் குரு.

“அப்புறம்?”

“அழுகை வந்தது.”

“எதுக்கு?”

“கோயில் எரியலையேன்னு.”

வாளி நிரம்பி வழிந்தது. அவன் குழாயை மூட மறந்திருந்தான். குரு வந்து மூடினார்.

“அதுக்கப்புறம் இதே கோயில்ல எப்படி இருந்தீங்க?”

“விடிஞ்சதும் தண்ணி மாத்தினேன்.”

ஹிரோசே அந்த வாளியைத் தூக்கி வாசல் ஓரத்தில் வைத்தான். கீழே ஊரில் மேளம் தொடங்கியிருந்தது.

“ஊர்வலம் எப்போ?” என்றார் குரு.

“மத்தியானம்.”

“இன்னும் மூணு வாளி இருக்கு. மாத்திட்டுக் கிளம்பு.”