பாறைமேல் போட்ட இலை

என் பெயர் தாண்டவமூர்த்தி. ஆட்டம் இருக்கட்டும், நேராக நடக்கவே எனக்கு வராது. மருதங்கோட்டை அரண்மனையில் சாப்பிடுவதுதான் என் உத்தியோகம். நடுவே நேரம் கிடைத்தால் ராஜாவைச் சிரிக்க வைப்பேன்.

ஒருநாள் ராஜா, ஆனைச்சரிவில் மாளிகை கட்டப்போவதாகச் சொன்னார். சரிவின் அடியில் செக்கு ஆட்டும் ஜனங்களின் வீடுகள்.

"அருமையான இடம், மகாராஜா!" என்றார் அமைச்சர் வல்லபராயர். "முழுக்கப் பாறை. சரிவும் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது."

எனக்கு அந்த இடம் தெரியும். போன மழையில் அந்தச் சரிவோரப் பள்ளத்தில்தான் விழுந்தேன். எழ முடியாமல் கிடந்தபோது பார்த்தேன். மேலே பாறை, கீழே பாறை, நடுவில் விரல் கனத்துக்குக் களிமண். அதில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

"வேண்டாம் மகாராஜா! அங்கே வழுக்கி விழுந்தபோது பார்த்தேன், இரண்டு பாறைக்கு நடுவே களிமண். அந்தக் களிமண் ஊறினால் மேல்பாறை மாளிகையோடு புறப்பட்டுவிடும். கீழே இருக்கிற ஜனங்கள் என்ன ஆவது?"

"தான் வழுக்கி விழுந்துவிட்டுப் பாறைமேல் பழி போடுகிறார்!" என்றார் ராயர். சபையே சிரித்தது. நியாயம்தான், நானும் சிரித்தேன்.

"நிரூபித்துக் காட்டு. இல்லையென்றால் இனி உனக்கு அரண்மனைச் சாப்பாடு கிடையாது" என்றார் ராஜா.

அடப்பாவமே! தலையை எடுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். மனை நல்லது என்று சொன்னவர் அந்த மனையில் இலை போட்டுச் சாப்பிட்டுக் காட்ட வேண்டும். நான் ஆனைச்சரிவிலிருந்தே இரண்டு பலகைக் கற்களை வரவழைத்தேன். அரண்மனைக் குளக்கரையில், அங்கே இருக்கிற அதே அளவு சாய்வில், ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு, நடுவில் களிமண் பூசினேன்.

"அமைச்சரே, வழக்கப்படி விருந்து!"

ராயர் மீசையை முறுக்கியபடி மேல்கல்லில் சம்மணம் போட்டார். சாம்பார் ஆயிற்று, ரசம் ஆயிற்று. கல் அசையவில்லை.

"எங்கே ஐயா, உம்முடைய பாறை புறப்படவில்லையே?"

"மழை வர வேண்டாமா?" என்று சொல்லி, குடம் குடமாகக் கல்லிடுக்கில் தண்ணீர் ஊற்றினேன். களிமண் குழைந்தது. ராயர் அப்பளத்தை நொறுக்கினார். கல் சத்தமில்லாமல் கிளம்பியது. ராயர், இலை, பாயசம் எல்லாம் குளத்தில்!

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஜனங்கள் பிழைத்தார்கள். மாளிகை அங்கே வேண்டாம். உனக்கு ஆயுசுக்கும் இரட்டைச் சாப்பாடு! அது சரி, விருந்தை ஏன் குளக்கரையில் வைத்தாய்?"

"தண்ணீரில் விழுந்தால் அடிபடாது, மகாராஜா. விழுகிறவன் கஷ்டம் விழுகிறவனுக்குத்தானே தெரியும்!"