அறுபதாம் நாள் களை

"இன்னொரு மூட்டை யூரியா போடலாமா, அம்மா?" என்று கேட்டார் தில்லைக்கண்ணு.

வடிவம்மாள் அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ரோட்டோரக் கொட்டகையில், வருகிறவர்களுக்கு மத்தியானச் சோறு போடுகிறவள். உபதேசம் என்று ஒரு வார்த்தை பேசமாட்டாள். அவளைத்தான் குரு என்று பிடித்துக்கொண்டிருந்தார் இந்த மனிதர்.

"இதுவரைக்கும் எத்தனை தடவை போட்டீங்க, அண்ணே?"

"மூணு தடவை. நெல்லுப் பயிர் தூர் கட்டவே இல்லை. ஒத்தை ஒத்தையா நிக்குது."

"களை?"

"நேத்தோட முடிச்சிட்டோம். நானும் என் வீட்டுக்காரி கனகவல்லியும் எட்டு நாள் குனிஞ்சு பிடுங்கினோம். எனக்கு இடுப்பே போச்சு, அவளுக்கு முட்டி. இப்போ தேடினாலும் ஒரு புல் கிடைக்காது."

"விதைச்சு எத்தனை நாளாச்சு?"

"அறுபது."

"இருபதாம் நாள் என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

தில்லைக்கண்ணு நெளிந்தார்.

"புல்லு அப்போ சின்னதா இருந்துச்சு. பிடுங்கினா ஒரு பிடி தேறாது. கொஞ்சம் வளர்ந்தா மாட்டுக்கு ஆகுமேன்னு விட்டுட்டேன்."

கெட்டிக்காரத்தனம்தான், வேறென்ன சொல்ல.

"இந்தப் போகமும் விளையலேன்னா திருப்பூருக்கு மகன் வீட்டோட போயிடலாம்னு அவகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன். உடம்பெல்லாம் அலுத்துப்போச்சு, அம்மா. ஆனா ஊரைவிட்டுப் போக மனசு வரமாட்டேங்குது."

 வடிவம்மாள் இலை போட்டாள். அவர் உட்கார்ந்ததும் சோறு வைத்துக் குழம்பு ஊற்றினாள்.

அவர் கை வைப்பதற்குள், வெளியே கரண்ட் கம்பம் நட்டுக்கொண்டிருந்த நாலு பேரைக் கூப்பிட்டாள்.

"தனி இலை கிடையாது. இதுலயே உக்காருங்க."

காலையிலிருந்து குழி தோண்டிய ஆட்கள். நாலு கையும் ஒரே நேரத்தில் இறங்கியது. தில்லைக்கண்ணுக்கு இரண்டு வாய் கிடைத்தது.

அவள் மறுபடி சோறு வைத்தாள். அதுவும் போயிற்று.

மூன்றாம் தடவையும் வைத்தாள்.

"முதல்ல அவங்க எந்திரிக்கட்டும், அம்மா. நான் அப்புறம் சாப்பிட்டுக்கிறேன்" என்றார் அவர், களைத்துப்போய்.

அவர்கள் சாப்பிட்டு முடித்து, கை கழுவிக்கொண்டு வேலைக்குப் போனார்கள்.

வடிவம்மாள் எச்சில் இலையை எடுத்துவிட்டுப் புது இலை விரித்தாள். தண்ணீர் தெளித்துத் துடைத்தாள்.

"இப்போ இலை முழுக்க உங்களுக்குத்தான். பங்குக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க. சாப்பிடுங்க."

அவர் காத்திருந்தார்.

அவள் சோற்றுப் பானையைச் சாய்த்துக் காட்டினாள். ஒரு பருக்கை இல்லை.

தில்லைக்கண்ணு பானையைப் பார்த்தார். துடைத்த இலையைப் பார்த்தார். அவருக்கு அழுகை வந்தது. அடக்கவும் தெம்பில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"யூரியா வாங்கவா, அண்ணே?"

"இல்லை, அம்மா. கனகவல்லியைப் பாத்திரங்களைக் கட்டச் சொல்லணும்."