குங்குமம் வைத்த பூட்டு

“‘உன் மூச்சுக்காத்து படாத இடம் இந்த வீட்டுல ஒண்ணாவது இருக்கா?’ இப்படிக் கேட்டுட்டுத்தான் என் பொண்ணு அறைக் கதவைச் சாத்தினா, அம்மா. மூணு நாளாச்சு.”

மடத்துக்குள் நுழையும்போதே செண்பகவல்லி ஆரம்பித்துவிட்டாள். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை.

நிறைமதி அம்மா தலையைத் தூக்கவில்லை. குருதான், ஆனால் செண்பகவல்லியைவிடப் பத்து வயது சின்னவர். அரிசி அறைப் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சாவி பாதி திரும்பி நின்றுவிட்டது. மதியச் சாப்பாட்டுக்கு நாற்பது பேர்.

விஷயம் இதுதான். மகள் தாரிணிக்குக் குவாஹாட்டியில் வேலை. வெள்ளிக்கிழமை ரயில். துணைக்கு ஒரு மாதம் இருக்கலாமென்று தாயும் டிக்கெட் எடுத்துவிட்டாள். மகளைக் கேட்டாளா? அதெல்லாம் எதற்கு.

கதவு சாத்திய பிறகு மணிக்கொரு தரம் தட்டினாள். காபி, மாதுளை ஜூஸ், மறுபடி காபி. இவள் குளிக்கப் போகிற நேரம் பார்த்து அந்தப் பெண் வெளியே வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறது.

“பேசாமலே ரயில் ஏறிடுவா போலிருக்கு. நான் என்ன குறை வச்சேன்?”

“இந்தப் பூட்டுக்கு யாரு எண்ணெய் விட்டது, அக்கா?”

“நான்தான். வெள்ளிக்கிழமை தவறாம விடறேன். குங்குமமும் வைக்கிறேன்.”

அதில் பெருமை வேறு.

குரு சாவித் துவாரத்தில் மண்ணெண்ணெய் விட்டுத் தட்டினார். சிவப்பாகக் களிம்பு வழிந்தது. ஒரு வருஷத்துப் பக்தி. துடைத்துக் காயவிட்டார்.

பிறகு ஒரு பென்சிலை எடுத்து, பிளேடால் முனையைச் சுரண்டினார். காகிதத்தில் விழுந்த தூளைத் துவாரத்துக்குள் ஊதினார்.

செண்பகவல்லிக்குப் பொறுக்கவில்லை. அடைத்த பூட்டுக்குள் இன்னும் கரியா என்றாள்.

“தொட்டுப் பாருங்க.”

விரலில் தேய்த்தாள். கறுப்பென்று நினைத்தது சாம்பல் நிறத்தில் மின்னியது. சொட்டு எண்ணெய் கிடையாது. ஆனாலும் வழுக்கியது.

“படலம் படலமா இருக்கும். ஒண்ணு மேல ஒண்ணு கிடந்தாலும், ஒண்ணை ஒண்ணு இறுக்கிப் பிடிக்காது.”

சாவி திரும்பியது.

“அப்ப என் பொண்ணு விஷயம்?”

“நாழியாகுது. அரிசியை எடுங்க, அக்கா.”

வீட்டுக்கு வந்தாள். பழக்கத்தில் கால் சமையலறைக்குப் போயிற்று. பால் பாத்திரத்தை எடுத்தவள் திரும்ப வைத்தாள்.

மகளின் கதவைத் தட்டக் கையைத் தூக்கினாள். அரிசி களைந்து, கை கழுவிய பிறகும் நகக்கண்ணில் அந்த மினுக்கம் இருந்தது. கையை இறக்கினாள்.

“தாரிணி, வர்ற வழியிலேயே என் டிக்கெட்டை ரத்து பண்ணிட்டேன். வெள்ளிக்கிழமை ஸ்டேஷன் வரைக்கும் வரட்டுமா?”

உள்ளே மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது.

அவள் இரண்டாம் தரம் கேட்கவில்லை.